எண்ணெய் எங்கே ஆரம்பிக்கிறது

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு லெட்சுமி அக்காவின் கால் வழுக்கியது.

டயாலிசிஸ் முடிந்து மூன்று பேர் வெளியே வருகிற நேரம் அது. நிலையத்தின் வாசலில், கூரைக்குக் கீழே, ஷாஹிரா வழக்கம்போல அரை மணி நேரம் முன்னதாகவே வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். லெட்சுமி அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு எழுந்தால், கால் இரண்டும் யாருடையதோ போல இருக்கும் அவருக்கு. ஒரு கையால் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையை ஷாஹிராவிடம் நீட்டினார். அடுத்த அடி வைக்கும்போது செருப்பு சர்ரென்று போனது. பின்னாலேயே வந்த தாதி இஸ்ஸதி இடுப்போடு சேர்த்துப் பிடித்திருக்காவிட்டால், அக்கா அன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பார்.

குனிந்து பார்த்தால், வேனுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு. தரை சாய்ந்திருந்த பக்கமாக ஓடிவந்து கதவுக்கு நேரே குட்டையாக நின்றிருந்தது.

வேன் எண்ணெய் ஒழுக்குகிறது என்பது ஷாஹிராவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இரண்டு மாதமாக வாரத்துக்கு ஒருமுறை மேலே ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். இருபத்தெட்டு வயது வண்டி, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டும் இருந்தாள். இப்போது லெட்சுமி அக்காவின் செருப்படியில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தபோது அவளால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"அக்கா, நான் கோவத்துல சொல்லல," என்றாள் இஸ்ஸதி ஷாஹிராவிடம், மரத்தூள் கொட்டித் தரையைத் துடைத்துக்கொண்டே. "மேனேஜர் பார்த்துட்டாங்க. இது சரியாகற வரைக்கும் வேன் கூரைக்குக் கீழ வரக்கூடாதாம். ரோட்டோரமா நிறுத்திக்குங்க லா."

ரோட்டோரத்திலிருந்து வாசலுக்கு எண்பது அடி. நிழல் கிடையாது. ஷாஹிரா தலையை ஆட்டினாள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை.

அவள் கணவர் ஸுல்கிஃப்லி முன்னதாகவே வந்து முன் இருக்கையில் ஏறியிருந்தார். அந்த வேன் அவருடையது. சாமான் ஏற்றிப் பினாங்குப் பாலத்தைத் தாண்டி ஒரு நாளைக்கு இரண்டு நடை ஓட்டிய வண்டி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோனதும் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் பாயான் லெப்பாஸில் பதினோரு வருஷம் பார்த்த ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். சுங்கை பினாங்கில் அதே அடுக்குமாடியில் இருந்த லெட்சுமி அக்காவுக்கும் ரசாக் மாமாவுக்கும் போக வழியில்லை என்று தெரிந்ததும் அவர்களையும் ஏற்றிக்கொண்டாள். செவ்வாய், வியாழன், சனி. ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

மூவரையும் வீட்டில் இறக்கிவிட்டு, நேரே ஜெலுத்தோங்கில் இருக்கும் சந்திரசேகரனின் வொர்க்‌ஷாப்புக்குப் போனாள். ஸுல்கிஃப்லியின் காலத்திலிருந்தே வண்டிக்கு எது என்றாலும் அவர்தான். ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தார்.

"பின்னாடி சீலு, எண்ணெய அடைக்கிற ரப்பர் வளையம் போச்சு," என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "இஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ற எடத்துல சொட்டுது பாரு. கியர் பாக்ஸ இறக்கணும். நாலு நாள் வேலை."

"நாலு நாளா? எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வண்டி வேணுமேண்ணே."

"தெரியும்மா. எனக்கும் இப்ப எடம் இல்ல, பாரு. ரெண்டு வாரம் கழிச்சு கொண்டா."

சுற்றிப் பார்த்தாள். வாசல்வரை வண்டிகள் நின்றன. அவர் பொய் சொல்லவில்லை.

"அந்த சீல்தான்னு நிச்சயமா தெரியுமாண்ணே?"

சந்திரசேகரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சொட்டுற எடத்த வச்சுத்தானம்மா சொல்ல முடியும்."

அந்தப் பதில் வழி முழுக்க அவளை விடவில்லை. ஃபாக்டரியில் அவள் வேலை பார்த்தது பரிசோதனைப் பிரிவில். பழுதான மின்சுற்றுப் பலகை ஒன்று மேசைக்கு வந்தால், கருகிய இடத்தைக் காட்டி "இதுதான்" என்று எழுதினால் சூப்பர்வைசர் தாளைத் திருப்பித் தள்ளிவிடுவார். கருகினது எங்கே என்று அவருக்கே தெரியும். எதனால் கருகியது என்று சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். எண்ணெயும் மேலிருந்து கீழேதானே ஓடும்? சொட்டுகிற இடம் கடைசி இடமாகத்தான் இருக்க வேண்டும். முதல் இடத்தை யாரும் இன்னும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது ஸுல்கிஃப்லி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சேகரன் முப்பது வருஷமா இஞ்சின் பிரிக்கிறவன். நீ ஃபாக்டரி மேசைய வச்சுக்கிட்டு அவனுக்குப் பாடம் சொல்லப் போறியா?"

"பாடம் சொல்லல. கழுவிட்டுப் பார்க்கப் போறேன்."

"வித்துடலாம் ஷாஹி. பழைய இரும்புக்குப் போற வண்டி."

"வித்துட்டு? லெட்சுமி அக்காவ யாரு தூக்கி ஏத்துவா?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கையால் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவர் வேனின் இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை.

புதன்கிழமை காலை அவள் தனியாகத்தான் கீழே இறங்கினாள். அந்த வேனில் இஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைப் பின்னால் மடக்கி, தகர மூடியைத் தூக்கினால் போதும். உள்ளே எங்கே பார்த்தாலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களியாக அப்பியிருந்தது. இதில் எது பழசு, எது புதுசு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மின்சாரம் போகிற பாகங்களைப் பிளாஸ்டிக் பையால் கட்டினாள். மண்ணெண்ணெயில் பிரஷ் தோய்த்து மூலை மூலையாகத் தேய்த்தாள். கை போகாத இடத்துக்குப் பழைய பல் துலக்கி. வழிந்ததையெல்லாம் தட்டில் பிடித்து டின்னில் ஊற்றினாள். ஒன்பதரைக்கு ஆரம்பித்தது பன்னிரண்டு மணி ஆனது. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிட்டுப் பார்த்தபோது இஞ்சினுக்கு உண்மையில் சாம்பல் நிறம் என்று தெரிந்தது. அவள் அதை முதல்முறையாகப் பார்க்கிறாள்.

பிறகு மாடிக்குப் போய்த் தன் முகப்பவுடர் டப்பாவை எடுத்துவந்தாள். அதை அமுக்கி அமுக்கி இஞ்சின்மேல் ஊதினாள். பக்கங்களிலும், பின்புறத்திலும், அடியிலும் மாவு தூவியதுபோல வெள்ளையாகப் படிந்தது. அந்த வழியாகப் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறியாம்மா?" என்று கேட்டார். ஷாஹிரா சிரிக்கிற நிலையில் இல்லை. "இல்லண்ணே, பரீட்சைக்கு," என்றாள்.

கடலோரச் சாலையில் குளுகோர் வரை போய்த் திரும்பினாள். இருபது நிமிஷம். வந்ததும் மூடியைத் தூக்கினாள். முன்பக்கம் வெள்ளை அப்படியே இருந்தது. பக்கவாட்டும் அப்படியே. பின்பக்கம் தலை நுழைய இடம் இல்லை. கைப்பேசியில் வீடியோவைப் போட்டு, லைட்டை எரியவிட்டு, கையை மட்டும் உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி எடுத்தாள்.

படியில் உட்கார்ந்து அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தாள். இஞ்சினின் உச்சியில் இருக்கிற மூடி, அதன் பின் மூலை. அங்கிருந்து ஈரமாக ஒரு விரல் அகலக் கோடு கிளம்பி, இஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் சேருகிற இடத்தில் போய்ச் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சந்திரசேகரன் பார்த்தது அந்தச் சொட்டைத்தான்.

மூன்று மணிக்குள் ஜெலுத்தோங்கில் உதிரிபாகக் கடையில் அந்த மூடிக்கு அடியில் வைக்கிற ரப்பர் காஸ்கெட் வாங்கிவிட்டாள். கழற்றியபோது பழைய காஸ்கெட் ரப்பராகவே இல்லை. பிஸ்கட் மாதிரி உடைந்து உடைந்து வந்தது. இடத்தைச் சுரண்டித் துடைத்து, புதியதை வைத்து, போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றி முறுக்கினாள். மாடிக்குப் போனபோது நகக்கண் எல்லாம் கறுப்பு.

"காஸ்கெட்தான். சீல் இல்ல," என்றாள்.

"ம்," என்றார் ஸுல்கிஃப்லி.

வியாழக்கிழமை ரோட்டோரத்தில் நிறுத்தினாள். லெட்சுமி அக்கா அந்த எண்பது அடியை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், நடுவில் இரண்டு முறை நின்றார். ரசாக் மாமா தன் குடையை அக்காவுக்குப் பிடித்துக்கொண்டு, தன் மொட்டைத் தலையைப் பார்த்தால் வெயிலுக்கே கண் கூசும், தனக்கு எதற்குக் குடை என்று ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். ஷாஹிரா மனசுக்குள், இன்றைக்கு ஒரு நாள்தான், சனிக்கிழமை கூரைக்குக் கீழே நிறுத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வேனுக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டாள். சாயங்காலம் பார்த்தால் அட்டையில் ஐந்து வெள்ளிக்காசு வைத்தாற்போல ஐந்து கறுப்பு வட்டம். மறுபடியும் கைப்பேசியை உள்ளே விட்டாள். அதே மூலை. அதே கோடு.

சந்திரசேகரனுக்குப் போன் பண்ணினாள். "நான்தான் சொன்னேனே," என்றார் அவர், குத்தலாக இல்லாமல், களைப்பாக. "ரெண்டு வாரம் கழிச்சு கொண்டாம்மா. வாடகைக்கு ஒரு வண்டி பார்த்துக்க."

அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்தாள். முந்தின நாள் முழுக்க இஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்ததில் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே லெட்சுமி அக்கா நடுவழியில் நின்று மூச்சு வாங்கியதும் கண்ணில் வந்தது. காஸ்கெட் புதுசு. முறுக்கியது சரி. அப்படியும் அதே மூலையில் கசிகிறது என்றால், காஸ்கெட் கெட்டதும் ஒரு கருகிய இடம்தான். அதைக் கெடுத்தது வேறொன்று.

வெள்ளிக்கிழமை காலை இஞ்சினின் உச்சி மூடியைக் கழற்றினாள். இரண்டு நாள் வயதுள்ள காஸ்கெட் அந்த மூலையில் மட்டும் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. யாரோ உள்ளிருந்து விரலால் தள்ளியதுபோல. மறுபடி பொருத்தி, இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகித் திறந்தாள். குபுகுபுவென்று புகை வந்தது. மூடியை மேலே சும்மா வைத்தால் அது கொதிக்கிற சட்டி மூடி மாதிரி ஆடியது.

ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்பிய ஸுல்கிஃப்லி மாடிக்குப் போகாமல் வேன் பக்கம் வந்தார். கையில் பொட்டலம். "சோறு வாங்கிட்டு வந்தேன். வந்து தின்னுட்டுச் செய்."

"தின்னலாம். மொதல்ல ஏறி உட்காருங்க. நான் சொன்னா மினியாக் பெடல மிதிங்க, போதும்னா விடுங்க."

ஒரு வினாடி தயங்கினார். பிறகு பொட்டலத்தை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, மடக்கியிராத ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். அவள் சொன்னபோது மிதித்தார், சொன்னபோது விட்டார். மிதிக்கும்போதெல்லாம் அந்த மூலையில் எண்ணெய் மினுக்கென்று துளிர்ப்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"உள்ள காத்து அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க. அதுதான் எண்ணெயைத் தள்ளுது. அப்படின்னா எண்ணெய் அளக்கிற கம்பியும் மேல எழும்பணுமே, அது மட்டும் ஏன்..." என்று குனிந்தவள் பேச்சை நிறுத்தினாள். அந்தக் கம்பியின் வளையத்தைச் சுற்றி மெல்லிய கட்டுக்கம்பி ஒன்று போட்டு, பக்கத்து போல்ட்டோடு கொக்கிபோலக் கட்டியிருந்தது. களியில் மூழ்கிப்போய், கழுவியபிறகும் ஏதோ வயர் என்றே அவள் நினைத்திருந்தாள். எண்ணெய் பார்க்கும்போது வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் அளவுக் கம்பி கட்டிலிருந்து நழுவி வந்துவிடும்; அதனால் அது கட்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இது யாரு கட்டினது?"

ஸுல்கிஃப்லி இஞ்சினை நிறுத்தினார்.

"நான்தான்," என்றார். "அது அடிக்கடி வெளிய எகிறி வந்துக்கிட்டு இருந்துச்சு. கடைசி வருஷம். கால் வீங்கி, மூச்சு முட்டி, எனக்கே என்னன்னு தெரியாம ஓட்டிக்கிட்டு இருந்தேன் ஷாஹி. ஒரு நாள் கட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் எகிறல. அதோட மறந்துட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஐந்து வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாகத் தான் கீழே கிடந்து உழைக்கும்போது மாடியில் உட்கார்ந்து "ம்" போட்டவர். ஆனால் அந்த வருஷம் அவளுக்கும் நினைவிருந்தது. செருப்புக்குள் போகாத அந்தக் கால்களும்.

"சரி," என்றாள். "சாப்பிட்டுட்டு இத அவுப்போம்."

வேனின் பக்கக் கதவைத் திறந்துவைத்து இருவரும் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போதே அவர் சொல்லிவிட்டார்: உள்ளே சேருகிற காற்று வெளியே போக ஒரு சின்ன வால்வும் ஒரு குழாயும் உண்டு, அது அடைத்தால் இப்படித்தான் ஆகும். எங்கே இருக்கிறது என்று அவருக்கு மறந்திருந்தது. ஷாஹிரா தேடிக் கண்டுபிடித்தாள். கட்டைவிரல் அளவு வால்வு. நல்ல வால்வைக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரவேண்டும். இது கல் மாதிரி இருந்தது. குழாயின் வளைவில் கம்பியை விட்டால் தார் போல ஒன்று வந்தது.

உதிரிபாகக் கடையில் அந்த வால்வு இல்லை. "இந்த வண்டிக்கா? இப்ப யாரும் கேக்கறதே இல்ல," என்றார் கடைக்காரர். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற இடம் ஒன்றைக் காட்டினார். அங்கே ஒரு மணி நேரம் தேடி, மூன்று வால்வுகளைக் குலுக்கிப் பார்த்து, நாலாவது கடகடத்ததும் எடுத்துக்கொண்டாள். புதுக் குழாயும், இன்னொரு காஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மணி ஐந்து. ஸுல்கிஃப்லி கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாகத் துணிமேல் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, கட்டுக்கம்பியை அறுத்து எறிந்துவிட்டு, இஞ்சினை ஓடவிடச் சொன்னாள். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து எண்ணெய் ஊற்றுகிற வாயின்மேல் வைத்தாள். காலையில் இருந்த நிலையில் அந்தத் தாள் பறந்து போயிருக்கும். இப்போது பறக்கவில்லை. மெல்ல உள்பக்கம் குழிந்து, அந்த வாயோடு ஒட்டிக்கொண்டது.

"மிதிங்க."

மிதித்தார். தாள் அசையவில்லை. அளவுக் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. ஷாஹிரா ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை யாரும் சொல்லாமலே ரோட்டோரத்தில் நிறுத்தி, அடியில் அட்டையைப் போட்டாள். பத்து நிமிஷத்தில் அட்டை நனைந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். வெறும் தண்ணீர், ஏர்கானில் இருந்து. அதற்குப் பிறகு நாலு மணி நேரம் வேறு எதுவும் விழவில்லை. வெளியே வந்த இஸ்ஸதி குனிந்து பார்த்துவிட்டு அட்டையைப் படம் எடுத்துக்கொண்டாள். "மேனேஜர்கிட்ட காட்டறேன்," என்றாள்.

திங்கட்கிழமை சந்திரசேகரனிடம் வண்டியைக் கொண்டுபோனாள். அவர் படுத்தார், இந்த முறை சீக்கிரம் வெளியே வரவில்லை. கடைசியில் எழுந்து, கழற்றிய பழைய வால்வை வாங்கிக் காதருகில் வைத்துக் குலுக்கினார்.

"பின்னாடி சீலும் கொஞ்சம் வேர்த்துத்தான் இருக்கு," என்றார். "ஆனா அது சொட்டாது, இன்னும் ஒரு வருஷம் ஓடும். நான் கியர் பாக்ஸ இறக்கி புது சீல் போட்டிருந்தா, அதையும் இந்தக் காத்து தள்ளி வெளிய விட்டிருக்கும். அப்ப நீ என்னைத்தான் ஏசியிருப்ப."

"ஏசியிருக்க மாட்டேண்ணே. மறுபடி கழுவியிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டு வால்வைத் திருப்பிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை இருட்டு விலகாத நேரத்தில் இஸ்ஸதி வாசலில் நின்று உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். ஷாஹிரா மெதுவாகப் பின்னோக்கி எடுத்துக் கூரைக்குக் கீழே நிறுத்தினாள். ரசாக் மாமா முதலில் இறங்கினார். லெட்சுமி அக்கா படியில் நின்று தரையை ஒருமுறை உற்றுப் பார்த்தார், பிறகு ஷாஹிராவின் கையைப் பிடித்தார்.

"நம்பலாமா?" என்றார்.

"நம்பி வைங்கக்கா," என்றாள் ஷாஹிரா. அக்கா காலை ஊன்றி வைத்தார். பிடித்த கையை வாசல் வரைக்கும் விடவில்லை.